மருதாணிக்குப் பூ உண்டு

போன வைகாசியில் ஒரு சாயங்காலம் கரண்டு போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் தெருவே வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுல மல்லிச்செடி நிக்கா? வாசம் ஆளைத் தூக்குதே."

"மல்லி இல்லம்மா, மருதாணி."

"மருதாணி பூக்குமா?"

போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டினேன். முப்பது வயசுப் பெண். சின்ன வயதிலிருந்து ஆடி தவறாமல் கை சிவக்க வைத்துக்கொண்டவள். கொத்தை முகத்தருகே இழுத்து மோந்துவிட்டு, "இவ்வளவு நாளும் இது தெரியாமப் போச்சே" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மருதாணியில் பூ வருவது புதுத்தளிரின் நுனியில். நாம் இலைக்காக ஒடிப்பதும் அதே நுனியைத்தான். தெருவில் ஒரு செடி நின்றால் ஆடிக்கு ஒரு கூட்டம், கல்யாணத்துக்கு ஒரு கூட்டம், பெருநாளுக்கு ஒரு கூட்டம் வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும். அப்புறம் அது எங்கே பூக்கிறது?

ஒற்றைப் பூவைப் பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. மிளகைவிடக் கொஞ்சம் சின்ன மொட்டு. விரிந்தால் கசங்கின மாதிரி நான்கு இதழ்கள், நடுவில் இரண்டிரண்டாக எட்டு மகரந்தக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளையில் சந்தனம் கரைத்த நிறம். ஆனால் கொத்துக் கொத்தாக வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. இதழ் கசங்கியிருப்பது குடும்ப வாகு. மாதுளையும் பூமருதும் மருதாணிக்குச் சொந்தக்காரர்கள், தாவரவியலில் மூன்றும் ஒரே குடும்பம். மாதுளம்பூ இதழ் ஒன்றை விரலால் விரித்துப் பாருங்கள், இஸ்திரி போடாத துணி மாதிரியேதான் இருக்கும்.

வாசம் மல்லிகை மாதிரி முகத்தில் அறையாது. கொஞ்சம் கனமாக, தித்திப்பாக, அடியில் ஒரு பச்சை வாடையோடு இருக்கும். பகலில் பெரிதாகத் தெரியாது, பொழுது சாய்ந்தால் தெருமுனை வரை போகும். மேலப்பாளையத்தில் அத்தர் விற்கும் பெரியவர் ஒருவர் ஒரு குப்பியைத் திறந்து என் புறங்கையில் தேய்த்துவிட்டு, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். எங்கள் வேலி வாசம் அப்படியே இருந்தது. குல்ஹினா என்று பெயர் சொன்னார். குல் என்றால் பூ, ஹினா என்றால் மருதாணி. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்தப் பூவைச் செப்புப் பானையில் போட்டுத் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி எடுக்கிறார்கள். நாம் குப்பையில் தள்ளுகிற பூவை அவர்கள் சொட்டுக் கணக்கில் விற்கிறார்கள்.

இந்த ஒரு செடி நிலைப்பதற்குள் நான் இரண்டைக் கொன்றேன். முதல் செடி நர்சரியில் வாங்கியது, மாடியில் தொட்டியில் வைத்தேன். ஆசை மிகுதியில் காலையிலும் மாலையிலும் தண்ணீர். ஒரு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சளடித்து உதிர்ந்தது. வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டியே. மருதாணியை வச்சிட்டு மறந்துரணும்" என்றார். இரண்டாவதைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே நட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு இருக்கும் இடம் கொஞ்சம் பள்ளம். ஐப்பசி அடைமழையில் பத்து நாள் தண்ணீர் கட்டி நின்றது, வேர் அழுகிவிட்டது. வெயில், வறட்சி, சரளை மண், கொஞ்சம் உப்புத் தண்ணீர், எல்லாம் தாங்குகிற செடி இது. காலடியில் தண்ணீர் நிற்பதை மட்டும் தாங்காது.

மூன்றாவது தடவை வேலியோரம் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி மேடாக்கினேன். செடி வாங்கவில்லை, அம்மா வீட்டுச் செடியிலிருந்து குச்சி வெட்டிக்கொண்டு வந்தேன். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், நன்றாக முற்றிய குச்சி. பச்சைத் தண்டாக இருந்தால் வேர் பிடிப்பதற்கு முன் காய்ந்துவிடும். இலைகளை உருவிவிட்டு, பாதிக்குக் கொஞ்சம் மேல் வரை மண்ணுக்குள் போகிற மாதிரி நிழலில் நடவேண்டும். புரட்டாசியில் நட்டால் நம் பக்கம் மழை தானே பார்த்துக்கொள்ளும். மொத்தம் பன்னிரண்டு நட்டேன், ஏழு துளிர்த்தது. துளிர்க்காத ஐந்தைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் மூன்றைத் தலைகீழாக நட்டிருக்கிறேன். இலையை உருவிவிட்டால் எது தலை எது கால் என்று அடையாளம் தெரியாது. இப்போது வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டிவிடுகிறேன். இருட்டில் நட்டால்கூடத் தப்பாது.

விதையும் போட்டுப் பார்த்தேன். பட்டாணியைவிடச் சின்னதாக உருண்டைக் காய், முற்றினால் பழுப்பாகி வெடிக்கும். உள்ளே பொடிப்பொடி விதைகள் நிறைய. அப்படியே தூவியதில் பாதியை எறும்பு கொண்டுபோனது, மீதி முளைக்கவே இல்லை. ராணுவத்தில் ஜோத்பூர் பக்கம் இருந்த என் தம்பியிடம் புலம்பியபோது, அவன் சோஜத் வழியாகப் போய்வந்ததைச் சொன்னான். ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் இருக்கிற ஊர். நாம் பருத்தி போடுகிற மாதிரி அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மருதாணி. 2021இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அங்கே விதையைச் சாக்கில் கட்டி, நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றிப் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து, முளை எட்டிப்பார்க்கும்போது மணலோடு கலந்து விதைக்கிறார்களாம். விதைத் தோல் அவ்வளவு கடினம். ஒரு தடவை நட்டால் இருபது வருஷத்துக்கு மேல் அதே செடிதான், வருஷா வருஷம் தரையோடு அறுக்கிறார்கள், மறுபடி தழைக்கிறது. வீட்டுக்கு ஒன்றிரண்டு செடி போதும் என்கிறவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், குச்சியே போதும்.

செடி ஆள் உயரம் வந்ததும் எங்கள் வீட்டில் சண்டை வந்தது. அத்தைக்கு இலை வேண்டும், எனக்குப் பூ வேண்டும். "வெட்டுனாத்தான்ட்டி தழையும்" என்பது அவர் கட்சி. அதிலும் தப்பில்லை. வெட்டாமல் விட்ட கிளை விறகுபோல நீண்டு, பக்கக் கிளைகளின் நுனி முள்ளாக மாறிவிடுகிறது. ஒரு தடவை இலை பறிக்கக் கைவிட்டு ரத்தம் வந்ததே மிச்சம். கடைசியில் நானும் அத்தையும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். செடியின் வடக்குப் பக்கம் இலைக்கு, தெற்குப் பக்கம் பூவுக்கு. தை முடியும்போது முழுச் செடியையும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுவோம். வடக்குப் பக்கத்தில் தளிர் நீள நீள ஒடித்துக்கொள்ளலாம். தெற்குப் பக்கத்தை யாரும் தொடக்கூடாது. வைகாசி, ஆனியில் அந்தப் பக்கம் பூத்துக் கொட்டும். பூ முடிந்து காய் எடுத்த பிறகு அதையும் வெட்டிவிடலாம். மருதாணி வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான். உரம் எல்லாம் பெரிதாகத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு கூடை மட்கிய சாணம் போடுகிறேன், அவ்வளவுதான். என் அனுபவத்தில் மழைக்காலத்துக் கொழுத்த இலையைவிட, வெயிலில் காய்ந்து சின்னதாக நிற்கிற இலைதான் நன்றாகச் சிவக்கிறது.

சிவப்பைப் பற்றி ஊருக்கு ஒரு கணக்கு. கொட்டைப்பாக்கு, கிராம்பு, புளி, எலுமிச்சம்பழம், சீனி, சிலர் தேயிலைத் தண்ணீர். அத்தை அம்மியில் அரைக்கும்போது நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு பாக்கும் சேர்ப்பார். அரைத்த கைதான் எல்லாரையும்விட அதிகம் சிவக்கும் என்பதால் சின்னப்பெண்கள் அம்மிக்குப் போட்டி போடுவார்கள். இதில் ஒரு அறிவியலும் இருக்கிறது. இலையிலிருக்கும் சாயம் நேராகச் சாயமாக இருப்பதில்லை, சர்க்கரையோடு கட்டுப்பட்டுக் கிடக்கிறது. இலை நசுங்கும்போது கட்டு அவிழ்கிறது, புளிப்பு அதற்குக் கைகொடுக்கிறது. வெளிவருவதற்கு லாசோன் என்று பெயர். அது தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிமன், அதனால் அங்கே கருஞ்சிவப்பு. புறங்கையில் எவ்வளவு வைத்தாலும் ஆரஞ்சுதான். எடுத்தவுடன் வெளுத்திருக்கிறதே என்று அழவேண்டாம், ஒன்றிரண்டு நாளில் தானே கறுக்கும். எடுத்த அன்றைக்குச் சோப்பும் தண்ணீரும் படாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும்.

நன்றாகச் சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் ஜாஸ்தி என்பார்கள். பித்த உடம்பு என்றும் சொல்வார்கள். எனக்கு எப்போதும் கருஞ்சிவப்பு. என் வீட்டுக்காரர் அதை இன்றைக்கு வரைக்கும் நற்சான்றிதழாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி ஒரு கசப்பான விஷயம். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு, வீட்டு மருதாணி பழைய பாணி என்று சொல்லிக் கடையில் கோன் வாங்கினார்கள். "கருப்பு மருதாணி" என்று எழுதியிருந்தது. ஒரே மணி நேரத்தில் மை மாதிரிக் கறுத்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாள் போட்ட கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பியது. கொடி, மாங்காய், மயில் என்று ஒன்று விடாமல். தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: இது மருதாணி இல்லை, தலைச்சாயத்தில் போடுகிற பி.பி.டி. முழுப்பெயர் பாராபினைலின்டையமின். ஒரு தடவை உடம்பு இதற்கு ஒவ்வாமை காட்டிவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அது போகாது. இனிமேல் அந்தப் பெண் தலைக்குச் சாதாரண டை அடித்தாலும் முகம் வீங்கக்கூடும். தழும்பு ஆறவே பல மாதமாயிற்று. உண்மையான மருதாணி கறுப்பாகப் பிடிக்காது, ஒரு மணி நேரத்திலும் பிடிக்காது. ஆரஞ்சில் ஆரம்பித்துச் சிவப்புக்குப் போய், முற்றினால் பழுப்பு. அரைமணியில் கறுக்கும் என்று யாராவது விற்றால் கையை மடக்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

கைமருந்து என்று வந்தால் மருதாணிக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை. சித்த மருத்துவத்தில் இதற்கு அழவணம் என்று பெயர், மருதோன்றி என்பதுதான் மருதாணியாகத் திரிந்தது. குளிர்ச்சி என்பது முதல் குணம். அக்னி நட்சத்திர வெயிலில் உள்ளங்கால் எரிச்சலுக்கு அரைத்து அப்பினால் உண்மையிலேயே இதமாக இருக்கிறது. பித்தவெடிப்புக்கு நான் பல வருஷமாகப் போடுகிறேன், தோல் இறுகி வெடிப்பின் ஓரம் மிருதுவாகிறது. ரத்தம் வருகிற அளவு ஆழமான வெடிப்பில் போட்டால் எரியும், அதில் போடாதீர்கள். சளிப் பிடித்திருக்கும்போது தலைக்கு வைப்பதில்லை.

நகச்சுற்று கதையைச் சொல்லவேண்டும். கட்டைவிரலில் லேசாக வலித்தது. அத்தை சொன்னபடி இலையோடு மஞ்சள் சேர்த்து அரைத்துக் கட்டினேன். ஆரம்ப நிலையில் அடங்கிவிடுவதும் உண்டு, முன்பு அடங்கியிருக்கிறது. இந்தத் தடவை உள்ளே சீழ் கோத்துவிட்டது, நான் விடாமல் நான்கு நாள் கட்டினேன். வலி பொறுக்காமல் டாக்டரிடம் போனால் அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "எது வீக்கத்தோட சிவப்பு, எது மருதாணிச் சிவப்புன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். கீறிச் சீழை எடுத்த பிறகுதான் தூக்கம் வந்தது. விண்விண் என்று தெறித்தால், சீழ் தெரிந்தால், மருதாணியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கைக்குழந்தைக்கு மருதாணி வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். பாதத்தில் ஒரு பொட்டு, உள்ளங்கையில் ஒரு பொட்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். என் மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்தபோது அரைத்த கிண்ணத்தோடு உட்கார்ந்த அத்தையை, குழந்தையைப் பார்க்க வந்த நர்ஸ் தடுத்துவிட்டார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும். மெல்லிய தோல் வழியாக லாசோன் உள்ளே போனால் அப்படிப்பட்ட குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை முற்றும், உயிருக்கே ஆபத்தாகலாம். குறை இருப்பது வெளியே பார்த்தால் தெரியாது. அத்தைக்கு முதலில் கோபம். "நான் எட்டுப் பிள்ளைக்கு வச்சிருக்கேன்" என்றார். அப்புறம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தன் காலில் தடவிக்கொண்டார். இதே காரணத்துக்காக, காமாலைக்கு மருதாணிச் சாறு குடி என்று யாராவது சொன்னாலும் நான் கேட்பதில்லை. உள்ளுக்குச் சாப்பிடுவது வைத்தியர் பார்த்துக் கொடுக்கவேண்டிய காரியம்.

தலைமுடிக்கு மட்டும் பயமில்லாமல் சொல்வேன். இலையை விழுதாக அரைத்து, சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி, நிழலில் ஈரம் இல்லாமல் காயவைத்துத் தேங்காய் எண்ணெயில் போட்டுவைப்போம். ஈரம் இருந்தால் எண்ணெய் காறிவிடும். நரைக்கு வெறும் மருதாணி வைத்தால் முடி செம்பட்டையாகும். கறுப்பு வேண்டும் என்றால் இரண்டு நாள் வேலை. முதல் நாள் மருதாணி வைத்து அலசி, மறுநாள் அவுரி இலைப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பூசவேண்டும். மருதாணிப் பொடியை ராத்திரி முழுக்க ஊறவைக்கலாம், அவுரியை அப்படி வைக்கக்கூடாது, குழைத்துக் கால் மணி நேரத்துக்குள் தலைக்கு ஏறிவிட வேண்டும். நான் முதல் தடவை இரண்டையும் சேர்த்து ராத்திரியே ஊறவைத்தேன். காலையில் பாதித் தலை செம்பு, பாதித் தலை சேறு. ஒரு வாரம் தலையில் துண்டோடு திரிந்தேன்.

பூவையும் விடவில்லை. உதிர்ந்த கொத்துகளை நிழலில் உலர்த்திப் பழைய வேட்டித் துணியில் தைத்துத் தலையணைக்குள் வைத்தால் நல்ல உறக்கம் வரும் என்பார்கள். வைத்தேன். வாசம் நான்கைந்து நாள்தான் நின்றது. உறக்கம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அது மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன வாரம், வராமல் என்ன செய்யும்? காய்களை அத்தை சேர்த்துவைப்பார். செவ்வாய், வெள்ளி சாம்பிராணியோடு மருதாணி விதையையும் தணலில் போட்டால் வீட்டில் கெட்டது அண்டாது என்பது அவர் நம்பிக்கை. இந்தச் சின்ன விதையை நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். வேலியில் காசு காய்க்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்.

இந்த ஆடிக்கும் கூட்டம் வந்தது. "மைனி, ரெண்டு கொத்துப் பறிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டியவளை நான் தடுக்கவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப்பார்த்து, "அக்கா, வடக்கே ஒடிங்க, தெக்கே இன்னும் ஒரு கொத்து மொட்டு நிக்கு" என்றாள். அவளுக்கு ஆறு குச்சி எடுத்து வைத்திருக்கிறேன், புரட்டாசி பிறக்கட்டும் என்று காத்திருக்கிறாள். சாய்வாக வெட்டிய பக்கம் கீழே போகவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று.